அடகுச் சீட்டும் ரிசர்வ் வங்கியும்

2020 ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கியின் பணவியல் கொள்கைக் குழு தன் கூட்டத்தை முடித்து, வங்கிகளுக்கு அது குறுகிய காலத்துக்குத் தரும் பணத்தின் மீதான ரெப்போ வட்டி விகிதம் 4 சதவீதத்திலேயே நீடிக்கும் என்று அறிவித்தது. பொருளாதாரம் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றைய அறிவிப்புகளோடு வந்த இன்னொரு முடிவு அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. விவசாயம் அல்லாத தேவைகளுக்கு வங்கிகள் தரும் நகைக்கடனில், நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை மட்டுமே கடன் தரலாம் என்றிருந்த வரம்பு, 2021 மார்ச் 31 வரை 90 சதவீதமாக உயர்த்தப்பட்டது. மதுரை மாதிரியான ஓர் ஊரில் அந்த ஆண்டு மத்திய வங்கி எடுத்த முடிவுகளிலேயே வீட்டு வாசல் வரை வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது முடிவுதான் என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரையும் அதிலிருந்து கிளைத்ததுதான்.

வங்கிக் கிளைகளில் நகை மதிப்பீட்டாளராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பரம்பரையாகத் தங்க வேலை செய்த குடும்பம். உரைகல்லில் ஒரு கோடு இழுத்த மாத்திரத்தில் மாற்றுச் சொல்லிவிடுவார். ரெப்போ விகிதம் குறைந்தபோது கடன் வாங்க வந்தவர்களிடம் ஏதாவது மாற்றம் தெரிந்ததா என்று அவரிடம் கேட்டேன். "வட்டி எத்தனைன்னு கேட்கிறவங்க கம்மி தம்பி. கிராமுக்கு எவ்வளவு தருவீங்கன்னுதான் வந்ததும் கேப்பாங்க" என்றார். மத்திய வங்கிகளைப் பற்றி நான் படித்தவற்றில் பாதியை இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. வட்டி விகிதம் என்பது வெளியே தெரிகிற பலகை. எதை ஈடாக ஏற்பது, அந்த ஈட்டின் மதிப்பில் எவ்வளவைக் கையில் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது ஆகிய மூன்று கேள்விகள் அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கின்றன. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக "வழக்கத்திற்கு மாறான பணவியல் கொள்கை" என்ற பெயரில் உலகின் மத்திய வங்கிகள் செய்துவருவதில் பெரும்பகுதி, இந்த மூன்று கேள்விகளுக்கான விடைகளை மாற்றியதுதான்.

ரெப்போவை மதுரைக்காரருக்கு விளக்குவது எளிது. ஒரு வங்கிக்கு இன்று மாலைக்குள் பணம் தேவைப்படுகிறது. அதன் பெட்டகத்தில் மத்திய அரசின் கடன் பத்திரங்கள் இருக்கின்றன. அவற்றை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் பெற்று, நாளைக்கு வட்டியுடன் பணத்தைக் கட்டிப் பத்திரங்களைத் திருப்பிக்கொள்கிறது. சட்டத்தின் பார்வையில் இது விற்றுத் திரும்ப வாங்குவது; காரியத்தில் அடகுதான். சாதாரண நாள்களில் இந்த அடகுக் கடை மிகுந்த கறார்க் கடை. அரசுப் பத்திரத்தைத் தவிர வேறெதையும் வாங்காது, சில நாள்களுக்கு மேல் தவணை தராது, வங்கிகளைத் தவிர மற்றவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடாது. நெருக்கடி வரும்போது இந்தக் கறார் தளர்கிறது. தவணை ஒரு நாளிலிருந்து மூன்று ஆண்டுகளாக நீளும். அரசுப் பத்திரத்தோடு வீட்டுக் கடன் பத்திரமும், கம்பெனிப் பத்திரமும், பங்குகளும்கூட ஏற்கப்படும். அடகாக வாங்கிக்கொண்டிருந்ததை மத்திய வங்கி விலை கொடுத்தே வாங்கி வைத்துக்கொள்ளவும் செய்யும். அந்த விலைக்கான பணத்தை அது எங்கிருந்தும் எடுத்து வருவதில்லை. விற்ற வங்கியின் கணக்கில் வரவு எழுதுவதோடு பணம் பிறந்துவிடுகிறது.

இதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தது ஜப்பான். நிலமும் பங்கும் விண்ணைத் தொட்டுச் சரிந்த பிறகு, விலைவாசி ஏறாமல் இறங்கத் தொடங்கிய நாடு அது. 1999இல் வட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குக் கீழே இறங்க இடமில்லாததால் 2001 மார்ச்சில் பத்திரக் கொள்முதலைத் தொடங்கினார்கள். 2013இல் ஹருஹிகோ குரோடா தலைமையில் அது பல மடங்காயிற்று. 2016இல் வட்டி பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 0.1 சதவீதத்துக்குப் போனது. 2024 மார்ச்சில்தான் அங்கிருந்து மேலே வந்தது. இடையில் ஜப்பானிய மத்திய வங்கி பங்குச் சந்தை நிதிகளை வாங்கி வாங்கி, அந்நாட்டுப் பங்குகளின் மிகப் பெரிய உடைமையாளராகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2008 டிசம்பரில் வட்டி பூஜ்யத்தை ஒட்டி வந்தது. நெருக்கடிக்கு முன்பு ஏறத்தாழ 90,000 கோடி டாலராக இருந்த, அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் சொத்துக் கணக்கு, மூன்று சுற்றுக் கொள்முதல்களுக்குப் பிறகு சுமார் 4.5 லட்சம் கோடி டாலராகவும், கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 9 லட்சம் கோடி டாலரை நெருங்கியும் நின்றது. வாங்கியவற்றில் வீட்டுக் கடன் பத்திரங்களுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த ஈட்டின் மீது சந்தைக்கு நம்பிக்கை போயிற்றோ அந்த ஈட்டையே மத்திய வங்கி தன் தலையில் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஈட்டை ஏற்கிற அதிகாரத்தின் மறுபக்கத்தை அமெரிக்காவைவிடக் கிரேக்கத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். யூரோவை ஏற்றுக்கொண்ட கிரேக்கத்துக்குச் சொந்தமாகப் பணம் உண்டாக்கும் வழி இல்லை. கிரேக்க அரசின் பத்திரங்களுக்குத் தர மதிப்பீடு சரிந்தபோது, விதிப்படி அவற்றை ஈடாக ஏற்க முடியாது. ஆயினும் 2010 மே மாதத்தில் ஐரோப்பிய மத்திய வங்கி விதியைத் தளர்த்தி அவற்றை ஏற்றது. 2012 ஜூலை 26 அன்று லண்டனில் அந்த வங்கியின் அன்றைய தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காப்பதற்கு என்னவெல்லாம் தேவையோ அவை அத்தனையையும் செய்வோம் என்று சொன்னார். அந்தச் சொல்லுக்காக வகுக்கப்பட்ட பத்திரக் கொள்முதல் திட்டத்தில் ஒரு யூரோகூடச் செலவழிக்காமலேயே இத்தாலி, ஸ்பெயின் பத்திரங்களின் வட்டி இறங்கியது. மத்திய வங்கியின் வாக்குக்கே எவ்வளவு விலை உண்டு என்பதற்கு இதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். நான் எடுத்துக்காட்ட விரும்புவது அதற்கடுத்த அத்தியாயத்தை. 2015 பிப்ரவரி 4 அன்று, கிரேக்கத்தில் புதிய அரசு பதவியேற்ற சில நாள்களில், அதே வங்கி அந்தத் தளர்வை விலக்கிக்கொண்டது. அவசரக் கடன் வழி மட்டும் மிஞ்சியது. ஜூன் 28 அன்று அதற்கும் உச்சவரம்பு உறைந்தது. மறுநாள் கிரேக்க வங்கிகள் கதவைத் திறக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ என்று தானியங்கி இயந்திரங்களின் முன்னால் வரிசை நின்றது. வட்டி விகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல், "இந்த நகையை இனி வாங்க மாட்டோம்" என்ற ஒரே முடிவில் ஒரு நாட்டின் வங்கிகள் மூன்று வாரங்களுக்கு மூடிக் கிடந்தன.

மத்திய வங்கி என்ற ஒன்று பின்னால் இல்லாமலே பெரிய வங்கித் தொழில் நடத்தியவர்களின் கதையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் செட்டிநாட்டுக்குப் போய்விடலாம். அங்கிருந்து பர்மா சென்ற நகரத்தார், ரங்கூன் முகல் தெருவில் இருந்த தங்கள் கோயிலில் மாதந்தோறும் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்குகிற பணத்துக்கான நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். மும்பையில் ஆறு பேர் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடி ரெப்போவை நிர்ணயிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோயில் கூட்டம்தான் நினைவுக்கு வரும். ஒழுங்கிலும் கணக்கு நேர்மையிலும் அது எந்தக் குழுவுக்கும் குறைந்ததல்ல. ஆனால் ஒன்று மட்டும் அவர்களிடம் இல்லை: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்படும் நாளில், ஈட்டை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மேலே ஒரு ஆள்.

அந்த நாள் 1930இல் வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. பர்மிய விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடாக எழுதிக்கொடுத்திருந்த நெல் வயல் செட்டியார் கைக்கு வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் அவர்களிடம் இருந்தது. 1938க்குள் அது 25 சதவீதமாயிற்று. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நில அபகரிப்பாகத் தோன்றியது. அந்தக் கோபம் பின்னாளில் என்னவாக வெடித்தது என்பது தெரிந்த வரலாறு. கணக்குப் புத்தகத்தின் பக்கமிருந்து பார்த்தால், அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம். கிடைத்ததோ விற்க முடியாத நிலம். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் பார்க்கிற பொருளுக்கு விலை என்று ஒன்று கிடையாது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது அந்த நிலப் பத்திரங்களை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு நடந்தே திரும்பிய குடும்பங்கள் உண்டு; பர்மா விடுதலையடைந்த 1948இல் நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தபின் அவையும் வெறும் காகிதமாயின. கடன் வாங்கியவர், கொடுத்தவர் இருவரையும் ஒருசேர முழுக வைத்த இந்தச் சுழலை உடைக்கத்தான், சந்தை கைவிட்ட ஈட்டை நல்ல நாளின் மதிப்பில் ஏற்கக்கூடிய கடைசியாகக் கடன் கொடுக்க ஒருவர் தேவைப்படுகிறார்.

1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கப்பட்டது. தொடக்க காலத்தில் அது அப்படிக் கடைசியாகக் கடன் கொடுப்பவராக நடந்துகொள்ளத் தயங்கியது என்பதற்கு 1938இல் மூடிக்கொண்ட திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கியைச் சொல்லலாம். சரியான நேரத்தில் ரிசர்வ் வங்கி கைகொடுக்கவில்லை என்ற குறை தென்னிந்தியாவில் நெடுநாள் பேசப்பட்டது. விடுதலைக்குப் பிறகு பிரச்சினை நேர் எதிராகத் திரும்பியது. 1955 முதல் 1997 வரை, மத்திய அரசின் கையிருப்பு குறைந்த போதெல்லாம் தற்காலிகக் கருவூலப் பத்திரங்கள் தாமாகவே எழுதப்பட்டு ரிசர்வ் வங்கியிடமிருந்து பணம் வந்தது. வெள்ளைக்காரர் 2008இல் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் வித்தை இங்கே நாற்பது ஆண்டுகளாக அன்றாட நடைமுறையாக இருந்ததும், அதை நிறுத்துவதற்குத்தான் நாம் பாடுபட்டோம் என்பதும் வெளிநாட்டு நூல்களில் அதிகம் காணக்கிடைக்காத விஷயங்கள். 2006 ஏப்ரல் முதல், அரசு புதிதாக வெளியிடும் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்குவதற்கே சட்டத் தடை வந்தது. சந்தையில் ஏற்கெனவே கைமாறும் பத்திரங்களை வாங்கத் தடையில்லை.

2020க்கு வருகிறேன். மார்ச் 27 அன்று ரெப்போ ஒரே அடியாக முக்கால் சதவீதம் குறைக்கப்பட்டு 4.40 ஆயிற்று, மே 22 அன்று 4 ஆயிற்று. வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைத்திருக்க வேண்டிய ரொக்க இருப்பு 4 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்ததில் மட்டும் 1.37 லட்சம் கோடி ரூபாய் விடுபட்டது. கொரோனாவுக்குச் சற்று முன்பே, பிப்ரவரியில், ஓராண்டு, மூன்றாண்டுத் தவணைகளில் ரெப்போ வட்டிக்கே பணம் தரும் ஏற்பாடு வந்திருந்தது. அதைக் குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும் என்று வகுத்து மார்ச்சிலும் ஏப்ரலிலும் நீட்டினார்கள். இங்குதான் கதை சுவாரசியமாகிறது. வங்கி சாரா நிதி நிறுவனங்களின் பத்திரங்களில், அதிலும் பாதியை அவற்றில் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் பத்திரங்களில் முதலீடு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு 25,000 கோடி ரூபாயை ஏலத்துக்கு விட்டபோது, வங்கிகள் கேட்டு வந்தது 12,850 கோடிதான். 4.40 சதவீத வட்டியில் மூன்றாண்டுப் பணம் மேசை மீது இருந்தும் பாதியை எடுக்க ஆளில்லை. அதே வாரங்களில், ஏப்ரல் 15 அன்று, வங்கிகள் தங்களிடம் உபரியாக இருந்த 6.9 லட்சம் கோடி ரூபாயை ரிசர்வ் வங்கியிடமே திரும்ப வைத்திருந்தன.

வங்கிகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், கடன் திரும்பி வருமா என்பது தெரியாத நாளில் வட்டி அரை சதவீதம் குறைந்தது ஒரு கிளை மேலாளரின் முடிவை மாற்றாது. கப்பலூர் தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் ஒருவருக்கு அந்த ஆண்டு உண்மையிலேயே பணம் வந்து சேர்ந்தது ரிசர்வ் வங்கியின் வட்டிக் குறைப்பால் அல்ல; மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தால். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதத்தைப் புதிய ஈடு எதுவும் இல்லாமல் கூடுதலாகத் தரலாம், அது முழுவதற்கும் அரசே பொறுப்பு என்றது அந்தத் திட்டம். 3 லட்சம் கோடி ரூபாய்க்கான உத்தரவாதம் அது. ஈடு பிரச்சினையாக இருந்த இடத்தில் அரசின் கையெழுத்தே ஈடாக நின்றது, பணம் நகர்ந்தது. அதுவரை வங்கிக் கடன் வாங்கியே இராத தையற்கூடக்காரருக்கும், விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மூட்டை எடுத்து விற்கிறவருக்கும் 20 சதவீதம் கணக்கிட ஒரு பழைய கடனே இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது பீரோவில் இருந்த நகை.

2021இல் ரிசர்வ் வங்கி 2.2 லட்சம் கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரங்களை வாங்குவதாக முன்கூட்டியே அறிவித்துச் செய்தது. அரசின் கடன் செலவு கட்டுக்குள் இருந்தது, பெரிய நிறுவனங்களின் கடன் செலவும் இறங்கியது. அதன் செலவு யார் தலையில் விழுந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய பொதுத்துறை வங்கிகளில் ஐந்தாண்டு வைப்புநிதிக்கு ஐந்தரை சதவீதத்துக்கும் குறைவாகக் கிடைத்த 2020-21இல், சில்லறை விலைவாசி சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஓய்வூதியமில்லாத முதியவர்கள் வட்டியை மட்டும் செலவழித்து அசலைக் காப்பதாக நம்பிக்கொண்டே அசலை இழந்துகொண்டிருந்தார்கள்.

வெளிநாட்டு மத்திய வங்கியின் முடிவு நம் நகை வீதிக்கு வரும் வழியையும் சொல்லியாக வேண்டும். 2013 மே 22 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஃபெடரல் ரிசர்வின் அன்றைய தலைவர் பென் பெர்னான்கி, பத்திரக் கொள்முதலின் அளவை வரும் மாதங்களில் குறைக்கக்கூடும் என்றார். குறைக்கவில்லை, குறைக்கக்கூடும் என்று மட்டும் சொன்னார். மே மாதத் தொடக்கத்தில் டாலருக்கு 54 ரூபாய் அளவில் இருந்த மாற்று விகிதம் ஆகஸ்ட் 28 அன்று 68ஐத் தாண்டியது. டாலர் வெளியேறுவதைத் தடுக்க அரசு கை வைத்த இடங்களில் ஒன்று தங்கம்: ஜனவரியில் 6 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி ஜூனில் 8, ஆகஸ்டில் 10 என்று ஏறியது. உலகச் சந்தையில் தங்கம் விழுந்துகொண்டிருந்த ஆண்டில், தெற்கு ஆவணி மூல வீதியில் கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்தவர்களுக்கு அந்த வீழ்ச்சி முழுதாகக் கைக்கு எட்டவில்லை. செப்டம்பரில் ஆளுநராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், பணக்கார நாடுகள் தம் கொள்கையின் விளைவு பிறர் மீது எப்படி விழுகிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று தொடர்ந்து சொல்லிவந்தார். கேட்டவர்கள் குறைவு.

இனி அந்த 90 சதவீதம். ஆகஸ்ட் 2020இன் முதல் வாரத்தில் உலகச் சந்தையில் தங்கம் ஓர் அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டி அதுவரை காணாத உச்சத்தில் இருந்தது. அதற்கும் காரணம் மத்திய வங்கிகள்தான். வட்டி பூஜ்யமாகும்போது வட்டி தராத உலோகத்தை வைத்திருப்பதில் நட்டமில்லை. சென்னையில் பவுன் 43,000 ரூபாயைத் தொட்டது. கடன் கணக்குக்கு அப்போது 30 நாள் சராசரி விலையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதை 40,000 என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதம் என்றால் பவுனுக்கு 36,000 ரூபாய் கையில் கிடைக்கும். மறு ஆண்டு மார்ச் இறுதியில் பவுன் விலை சுமார் 34,000 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. வட்டியைச் சேர்க்காமலே கடன் நகையைவிடப் பெரிதாகிவிட்டது. 75 சதவீத வரம்பு நீடித்திருந்தால் கடன் 30,000. ஈடு இன்னும் கடனுக்கு மேலே நின்றிருக்கும். 2021இன் முதல் பாதியில் நாளிதழ்களில் நகை ஏல அறிவிப்புகள் பக்கம் பக்கமாக வந்ததை மதுரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் பல இந்தத் தளர்வுக்கு உட்படாத வங்கி சாரா நிறுவனங்களுடையவை. விலைச் சரிவு எல்லோரையும் ஒன்றுபோலத்தான் தாக்கியது.

ஆகவே அந்த முடிவு தவறா என்றால், எனக்கு இரண்டு மனம் உண்டு. ஜூன் இறுதியில் மதுரையில் முழு ஊரடங்கு திரும்பவும் வந்த பிறகு, ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வாடகைக்கும் பணம் தேடியவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஆறாயிரம் ரூபாய், மீட்டர் வட்டிக்காரரின் வாசலுக்குப் போகாமல் தடுத்திருக்கும். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறதே தவிர, அவசரத்துக்கு மாலைக்குள் பணம் தருகிறவர் யார் என்பதைச் சட்டம் மாற்றிவிடவில்லை. அந்த அளவில் ரிசர்வ் வங்கி செய்தது சரி. ஆனால் பெரிய இடத்துக்கும் சிறிய இடத்துக்கும் அது கொடுத்த உதவியின் தன்மையில் வேறுபாடு இருந்தது. பத்திரம் வைத்திருந்தவர்களிடமிருந்து பத்திரத்தையே வாங்கிக்கொண்டது. விலை விழுந்தால் அந்த நட்டம் மத்திய வங்கியினுடையது. நகை வைத்திருந்தவர்களுக்கோ கூடுதலாகக் கடன்படும் உரிமையைக் கொடுத்தது. விலை விழுந்தால் நட்டம் நகைக்காரருடையது. இரண்டையும் ஒரே பெயரில் நிவாரணம் என்று அழைத்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ரிசர்வ் வங்கியிடமும் தங்கம் இருக்கிறது. 2025இல் ஏறத்தாழ 880 டன். 1991 நெருக்கடியில் அதில் சுமார் 47 டன்னை இங்கிலாந்து வங்கியிடம் வைத்து நாடு டாலர் வாங்கியது. ஒரு வீட்டுக்கு வருகிற நிலைமை நாட்டுக்கும் வந்த ஆண்டு அது. இன்று அந்தத் தங்கத்தின் விலை ஏறி இறங்குவதெல்லாம் மறுமதிப்பீட்டுக் கணக்கு என்ற தனிக் கணக்கில் வரவாகவும் செலவாகவும் எழுதப்படுகிறது. லாப நட்டக் கணக்குக்கு வருவதில்லை. விலை விழுந்த வாரத்தில் மத்திய வங்கிக்கு யாரும் ஏல நோட்டீசு அனுப்புவதில்லை.

2025 ஏப்ரலில் நகைக்கடனுக்கான புதிய வரைவு விதிகள் வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். நகை தனக்குச் சொந்தம் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்ற பகுதி, பாட்டியின் சங்கிலிக்கு ரசீது கேட்பது போல் இருந்தது. வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைக்கும் பழக்கத்துக்கும் அதற்கு முன்பிருந்தே நெருக்கடி தொடங்கியிருந்தது. அசலையும் ஒரு நாள் முழுதாகக் கட்டியாக வேண்டும் என்பதால், அந்த ஒரு நாளுக்குக் கைமாற்று வாங்குகிறவர்களும் அதைத் தொழிலாக்கித் தருகிறவர்களும் உருவானார்கள். ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகள் பல இடங்களில் இறங்கிவந்தன. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று வரம்பு பிரிந்தது; 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வந்தாக வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அசலையும் வட்டியையும் கடைசியில் ஒன்றாகக் கட்டும் கடன்களில், தவணை முடிவில் கட்ட வேண்டிய மொத்தத் தொகை இந்த 85க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால் கையில் கிடைப்பது மதிப்பில் ஏறத்தாழ 77 சதவீதம்தான். மதிப்புக்கும் 30 நாள் சராசரி, முந்தைய நாள் விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே எடுக்க வேண்டும். 2020இன் 90 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ யோசித்துச் செய்யப்பட்ட விதி.

ஆனால் 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஐந்தாண்டுக்கு முன் உச்சம் என்று நினைத்த விலையின் இரண்டு மடங்கு அது. வங்கிகளின் நகைக்கடன் நிலுவை 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் இரண்டு மடங்கானது. கடன்களை வகை மாற்றிக் கணக்கிட்டது அதில் ஒரு பகுதி என்றாலும், கவுன்ட்டரில் நிற்கிற வரிசை அந்தக் கணக்கை மறுக்கவில்லை. புதிய விதி கடனின் அளவைப் பார்க்கிறது. தங்கம் விலைச் சுற்றின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. 30 நாள் சராசரி, ஒரு மாதத்தின் துள்ளலைச் சமன் செய்யுமே தவிர, இரண்டு ஆண்டு ஏற்றத்தை அல்ல. விலை மூன்றாண்டுச் சராசரிக்கு வெகுவாக மேலே போகும்போது வரம்பு தானாகச் சற்று இறங்கி, விலை சரிந்த பிறகு ஏறும்படி ஒரு விதி எழுதுவது கடினமல்ல; வங்கிகள் மூலதனம் ஒதுக்குவதில் நல்ல காலத்தில் கூடுதலாகச் சேர்த்துக் கெட்ட காலத்தில் விடுவிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே ரிசர்வ் வங்கியின் புத்தகத்தில் இருக்கிறது. அதை நகைக்கு நீட்டினால், கையில் கிடைக்கும் தொகை உச்சத்தில் சில ஆயிரங்கள் குறையும், சரிவில் சில ஆயிரங்கள் கூடும். கிராமுக்கு எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு உச்சத்தில் அது பிடிக்காது. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவரும் தலையை ஆட்டிவிட்டு, "கொடுக்கிறதைக் குறைச்சா பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க தம்பி, எல்லாக் கடைக்கும் சேர்த்துத்தான் போடணும்" என்றார்.